கன்னி மூலைச் சுவர்

சுப்பண்ணன் மூன்றாம் வகுப்போடு சரி. அதைச் சொல்ல அவருக்கு வெட்கமே கிடையாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் இலையில் உப்பு வைப்பதற்குள் சொல்லிவிடுவார்.

"நாம மூணாங்கிளாசுங்க. ஆனா சோமனூர்ல இருந்து சரவணம்பட்டி வரைக்கும் எந்த லேஅவுட்ல வேணாலும் கேட்டுப் பாருங்க, மேடு பள்ளம் நிரவுனது ஆருன்னு."

கேட்டவர், கேட்காதவர் எல்லாருக்கும் இது மனப்பாடம். பொய்யும் இல்லை. பன்னிரண்டு வயதில் கிணறு வெட்டும் கூட்டத்தோடு போய் மண்கூடை சுமந்தவர். நாற்பதில் ஒரு பழைய டிப்பர் வாங்கினார். அறுபதில் மூன்று டிப்பரும் இரண்டு பொக்லைனும் அவர் வாசலில் நின்றன. அப்பன் சொத்தும் இல்லை, மாமனார் சீதனமும் இல்லை. கையும் மண்ணும்தான்.

ஒரு காட்டைச் சமன்படுத்தக் கூப்பிட்டால் முதலில் ஒரு சொம்புத் தண்ணீர் கேட்பார். கூப்பிட்டவர் குடிக்கத்தான் கேட்கிறார் என்று நினைத்து மோர் கொண்டுவருவதும் உண்டு. அவரோ நிலத்தின் நடுவில் நின்று தண்ணீரை மெதுவாகச் சாய்ப்பார். அது எந்தப் பக்கம் நாக்கை நீட்டுகிறது, எத்தனை அடி ஓடுகிறது, எந்த இடத்தில் மண் அதைக் குடிக்கிறது, அவ்வளவையும் பார்த்துவிட்டுச் சொம்பைத் திருப்பிக் கொடுப்பார். கணக்கு முடிந்தது. மூன்று கால் கருவியோடு வந்தவர்கள் அரை நாள் வெயிலில் காய்ந்து சொன்ன நீர்வாட்டத்தை அவர் ஒரு சொம்பில் சொன்னார். இதிலும் பொய் இல்லை. நேரில் பார்த்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள்.

மண் குடித்த தண்ணீர் பிறகு எங்கே போகிறது என்று மட்டும் அவர் நின்று பார்த்ததில்லை. மேலே ஓடுவதைத் திருப்பத்தானே அவரைக் கூப்பிட்டார்கள்.

ஆறு வருடத்துக்கு முன் சோமனூருக்குப் பக்கத்தில் எட்டு ஏக்கர் கொறங்காடு லேஅவுட்டாக மாறியது. ஆடு மேய்ந்த நிலம். மேலே இரண்டு முழம் செம்மண், அதற்குக் கீழே சுக்காம்பாறை. நல்ல நிலம்தான், ஆனால் ஒரு கோளாறு. வாட்டம் முழுக்கத் தென்மேற்குப் பக்கம் சாய்ந்து, அங்கே ஒரு பள்ளத்தில் முடிந்தது. மழைக்காலத்தில் மட்டும் ஓடி நொய்யலில் போய்ச் சேரும் சின்னப் பள்ளம். தென்மேற்கு என்றால் கன்னி மூலை. கன்னி மூலை உயர்ந்திருக்க வேண்டும், வடகிழக்கான ஈசானி மூலை தாழ்ந்திருக்க வேண்டும். இந்தப் பக்கத்தில் தலைகீழாக நின்றாலும் கன்னி மூலை தாழ்ந்த மனையை விற்க முடியாது. சும்மா கொடுத்தாலும் வாங்குகிறவன் பெண்டாட்டி வாங்க விடமாட்டாள்.

"திருப்பிருவம்," என்றார் சுப்பண்ணன்.

திருப்பியும் விட்டார். ஆறு மாதம், ஆயிரத்து நானூறு லோடு கிராவல் மண். சரிந்து கிடந்த கன்னி மூலையைப் பன்னிரண்டடி தூக்கி, அந்த மண் நழுவாமல் இருக்கக் கீழே எழுபதடி நீளத்துக்குக் கருங்கல் சுவர் எழுப்பினார். பெய்யும் மழை அத்தனையும் சாலையோரக் கால்வாய் வழியாக ஈசானி மூலைக்கு ஓடும்படி செய்தார். கடவுள் தெற்கே சாய்த்த பூமியை வடக்கே சாய்த்தவர் என்று அவரைப் பற்றி அவரே சொல்லிக்கொண்டார்.

சுவரின் படத்தில், லேஅவுட்டுக்குப் படம் போட்ட இஞ்சினியர் மானசா இருபத்திரண்டு இடத்தில் வட்டம் போட்டிருந்தாள். உள்ளே சேரும் தண்ணீர் வெளியே வடிவதற்கு நாலங்குலக் குழாய்கள். படத்தில் இருந்ததால் அவரும் வைத்தார். முதன்முதலில் மனை பார்க்க வந்த ஆள் சுவரைப் பார்த்ததும் மனைக்குள் கால்கூட வைக்காமல் திரும்பினார்.

"கன்னி மூலைல ஓட்டைங்களா? குடியிருக்கறவன் சொத்து பூராவும் ஒழுகிப் போயிருமுங்களே."

அடுத்து வந்த இரண்டு பேரும் அதையே சொன்னார்கள். அன்று மத்தியானம் சுப்பண்ணன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தானே சிமெண்ட் குழைத்தார். இருபத்திரண்டு குழாயையும் கல்சக்கையும் சிமெண்டும் வைத்து அடைத்து, மேலே பூசி, கல் இணைப்புப் போலவே வரி இழுத்துவிட்டார். கொத்தனார் கை படவில்லை.

அடைத்த செய்தி எட்டியதும் மானசா போனில் கேட்டாள். "அண்ணா, மண்ணுக்குள்ள எறங்கற தண்ணி எங்க போகும்?"

"எறங்குனாத்தானே அம்மணி. நான் ஈசானிக்கு வாட்டம் குடுத்திருக்கறேன். மேல உழுந்த சொட்டு மேலயே ஓடிப்போயிரும்."

"மண்ணு குடிக்காதுங்களா?"

"நான் நெரவுன மண்ணு சொன்ன பேச்சு கேக்கும் கண்ணு."

அவள் மறுமாதம் வேறு வேலைக்குப் போய்விட்டாள்.

அந்தச் சுவருக்குக் கீழே, பத்தடி தள்ளி, சுவர் வருவதற்கு முன்பிருந்தே ஒரு தறிக்குடோன் இருந்தது. பதினாறு விசைத்தறி. சஃபியாவும் அவள் புருஷன் முஜீப்பும் நடத்தினார்கள். தறி ஓட்ட ஒன்பது பேர். ஆக, பகலில் எப்போதும் பதினோரு பேர் அந்தச் சுவரின் அடியில் இருந்தார்கள்.

ஆறு வருடம் ஒன்றும் ஆகவில்லை. மழை என்று பேருக்கு நாலு தூறல் போட்டுப் போன வருடங்கள். மேலே முப்பது வீடு வந்தது. கன்னி மூலை மனையை மட்டும் வாங்கினவர் வெளிநாட்டில் இருந்தார். கல்லுக்கால் நட்டுக் கம்பி கட்டியதோடு அது வெறுமனே கிடந்தது.

இந்த வருடம் ஐப்பசி வேறு மாதிரி பிறந்தது. சனிக்கிழமை பிடித்த மழை செவ்வாய்க்கிழமையும் விடவில்லை. மழை பெய்தால் மற்றவர்கள் வீட்டுக்குள் போவார்கள், சுப்பண்ணன் வெளியே வருவார், தான் செய்த வேலையைப் பார்க்க. செவ்வாய் காலை மொபெட்டில் சோமனூர் லேஅவுட்டுக்குப் போனார். கால்வாய்களில் தண்ணீர் வரிசை கட்டி ஈசானி மூலைக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு வழி தவறவில்லை. குடையைப் பிடித்தபடி நின்று ரசித்தார்.

பிறகு கன்னி மூலை மனைக்குப் போனார். கல்லுக்காலை ஒட்டி, மண்ணில் ஒரு விரிசல் இருந்தது. விரல் அகலம்தான். சுவருக்கு இணையாக, அரிவாள் மாதிரி வளைந்து, இருபது முப்பதடி போயிற்று. பெய்கிற மழைநீர் அதற்குள் சத்தமில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது.

சுப்பண்ணன் சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் இல்லை. காலால் சேற்றைத் தள்ளி விரிசலை மூடி, செருப்பால் மிதித்துவிட்டார்.

கீழே குடோனுக்கு வந்தபோது சஃபியா வாசலில் நின்றிருந்தாள்.

"ஏனுங்ண்ணா, உங்க செவுத்துக்குக் காச்சலுங்களா? ரெண்டு நாளா வேர்க்குது."

சுவரின் அடியில் கல் இடுக்குகளில் நீர் கசிந்து வழிந்தது. தெளிந்த தண்ணீர்.

"வேர்த்தா நல்லதுதான அம்மணி. வேர்த்தாத்தான் காச்சல் உடும்."

"உழுந்து கிழுந்து தொலைச்சிறப் போகுதுங்க."

"யானை வந்து முட்டட்டும். தந்தம் ஒடையும், செவுறு அசையாது. கட்டுனது ஆரு?"

முஜீப் உள்ளேயிருந்து தலையை நீட்டினான். "யானையை எங்கிருந்துங்ண்ணா புடிக்கறது? மருதமலைக்கு ஆள் அனுப்பட்டுமா?"

மூன்று பேரும் சிரித்தார்கள். சுப்பண்ணன்தான் அதிகம் சிரித்தார்.

புதன்கிழமை விடியலில் மழை நின்றது. வெயில் சுள்ளென்று அடித்தது. ஊரெல்லாம் துணி காயப்போட்டது. மூன்று நாளாகக் கரண்ட் இல்லாமல் நின்ற தறிகள் ஓடத் தொடங்கின. சுப்பண்ணன் மட்டும் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. வியாழனும் வரவில்லை.

"ஏனுங்க," என்றாள் மனைவி நாச்சியம்மாள், "மழை பேஞ்சா காலைல ஒருக்கா, பொழுதோட ஒருக்கா போயிப் பாப்பீங்க. ரெண்டு நாளா சோமனூர்ப் பக்கமே போகலியே. ஆராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களா?"

"என்ற வேலையை ஆரு சொல்றது?"

"அப்ப சோத்தை உண்ணுங்க. பெசஞ்சு வெச்சுட்டு ஒக்காந்திருக்கீங்க."

அவர் உண்ணவில்லை. கண்ணுக்குள் ஒரு கிணறு இருந்தது. பதிமூன்று வயதில் கருமத்தம்பட்டிப் பக்கம் வெட்டிய கிணறு. பெரிய மழை பெய்து நின்றதும் மறுநாளே எல்லாரும் இறங்கத் துடித்தார்கள். வெட்டுக்கு மேஸ்திரியாக இருந்த கிழவன் விடவில்லை. "மழைக்குப் பயப்படாதீங்கடா. மழை உட்ட மூணாம் நாளுக்குப் பயப்படுங்க. மேல ஓடற தண்ணி ஓடிப்போயிரும். உள்ள போனது நடந்துதான் வரும்." இரண்டு பேர் கேட்காமல் இறங்கினார்கள். மூன்றாம் நாள், வெயில் காய்ந்துகொண்டிருந்தபோதே, செம்மண்ணும் சுக்காம்பாறையும் சேருகிற இடம் முதலில் வேர்த்தது. பிறகு வடிந்தது. பிறகு சிவப்பாக வந்தது. அதன்பின் பக்கச்சுவர் ஒரு பாளமாக நழுவி இறங்கியது. இரண்டு பேரில் ஒருவனைத்தான் வெளியே எடுத்தார்கள்.

தெரிந்ததுதான். பன்னிரண்டு வருடம் கிணற்றுக்குள் நின்றவருக்குத் தெரியாமல் இருக்குமா? ஆயிரத்து நானூறு லோடு மண்ணை மேலே கொட்டிய பெருமையில் அதன் அடியில் பழைய நிலம் பழைய வாட்டத்திலேயே படுத்திருப்பதை மறந்துபோனார். மண்ணுக்குள் இறங்கிய தண்ணீருக்கு ஈசானியும் தெரியாது, கன்னியும் தெரியாது. பாறை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் நடக்கும். நடந்து வந்து, வழி இல்லாத இடத்தில் நிற்கும். நின்று முட்டும்.

வெள்ளிக்கிழமை மூன்றாம் நாள். காலை பத்தரைக்கு மொபெட்டை எடுத்தார்.

கன்னி மூலை மனையில் மேல்மண் காய்ந்து பொருக்குத் தட்டியிருந்தது. அவர் மிதித்து மூடிய சேற்றைக் காணோம். விரிசல் அதை விழுங்கிவிட்டு ஒரு சாண் அகலத்துக்கு வாயைத் திறந்து கிடந்தது. கல்லுக்கால்கள் மூன்று சுவர்ப்பக்கம் குனிந்து நின்றன. முட்டி போட்டுக் காதை வைத்தார். அடியில் எங்கோ பானையில் சோறு கொதிக்கிற மாதிரி சத்தம்.

அவர் எழுந்து ஓடினார். அறுபத்தேழு வயதில், மொபெட்டை மேலேயே விட்டுவிட்டு.

கீழே சுவரின் நடுவயிறு வெளியே தள்ளியிருந்தது. ஒரு முனையில் நின்று ஒற்றைக் கண்ணால் பார்த்தார். ஒரு சாணுக்குக் குறையாது. அவர் அடைத்த குழாய்களில் ஒன்றின் சிமெண்ட் பிதுங்கி விழுந்து, அந்த ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சியது. ரத்தச் சிவப்பு. கையில் பிடித்து விரலால் தேய்த்துப் பார்த்தார். நறநறவென்று மணல். தெளிவாக வந்தவரை மண் உள்ளே நின்றது. இப்போது மண்ணும் தண்ணீரோடு கிளம்பிவிட்டது.

குடோனுக்குள் பதினாறு தறியும் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அவர் கையை ஆட்டுவதைப் பார்த்து சஃபியா, தலையெல்லாம் பஞ்சோடு வாசலுக்கு வந்தாள்.

"தறியை நிறுத்து அம்மணி. எல்லாத்தையும் வெளிய கூப்புடு."

"என்னங்ண்ணா ஆச்சு?"

"செவுறு நிக்காதாட்ட இருக்குது."

சஃபியா சிரித்துவிட்டாள். "அன்னிக்கு நாஞ் சொன்னப்ப யானைன்னீங்க. இன்னிக்கு வெயிலடிக்குது, செவுறு நிக்காதுங்கறீங்க. வெயில்ல உழுகற செவுறு எங்கீங்ண்ணா இருக்குது?"

முஜீப் கையைத் துடைத்தபடி வந்தான். "பன்னெண்டரைக்கு ஜும்மா தொழுகைக்கு எப்படியும் நிறுத்தத்தானுங்ண்ணா போறோம். இன்னும் ஒரு மணி நேரந்தான். மூணு நாள் சும்மா கெடந்த தறி."

"ஒரு மணி நேரம் தாங்காது முஜீப்பு."

"நாலு நாள் மழைக்கே அசையலீங்களே. நீங்க கட்டுனதுங்ண்ணா."

அந்தக் கடைசிச் சொல்லை அவன் கேலியாகச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னான். முப்பது வருடமாக அவரே ஊர் முழுக்க விதைத்த நம்பிக்கை, இப்போது வாசலை மறித்துக்கொண்டு நின்றது. காரணத்தைச் சொன்னால் வருவார்கள்.

"சொன்னாக் கேளு," என்றார்.

"காரணம் சொல்லுங்ண்ணா. கேக்கறோம்," என்றாள் சஃபியா.

சுப்பண்ணன் வாசலுக்குப் பக்கத்தில் இருந்த கரண்டுப் பெட்டியைத் திறந்து மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் பிடுங்கி வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். தறிகள் ஒவ்வொன்றாக அடி தவறி நின்றன. உள்ளேயிருந்து யாரோ கெட்ட வார்த்தையில் கரண்ட்காரனைத் திட்டினார்கள்.

சஃபியாவின் முகம் மாறியது. "ஏனுங்க. எங்க பொழப்புல கை வெக்கறீங்களா? கட்டையைக் குடுத்துருங்க. பெரிய மனுசன்னு பாக்கறேன்."

"அந்தச் செவுத்துல இருவத்திரண்டு ஓட்டை இருந்துச்சு அம்மணி. தண்ணி வடியறதுக்கு."

"நாங்க பாத்ததே இல்லீங்களே."

"அடைச்சுப்போட்டேன். கன்னி மூலைல ஓட்டை ஆகாதுன்னு. நானே அடைச்சேன், இந்தக் கையில. செவ்வாக்கெழமை மேல மண்ணு வெடிச்சிருந்ததைப் பாத்தேன். சேத்தைத் தள்ளி மூடிப்போட்டு வந்து உங்ககிட்டச் சிரிச்சுப் பேசுனேன்." அவர் குரல் கீழே போயிற்று. "தப்புப் பண்ணிப்போட்டேன். வெளிய வந்துருங்க."

சஃபியா அவரையே பார்த்தாள். பத்து வருடப் பழக்கத்தில் இந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவள் கேட்டதில்லை. மண்ணைப் பற்றி அவர் சொன்னது புரிந்ததோ இல்லையோ, அந்த வார்த்தை அவளுக்கு விளங்கியது. தறிகள் நின்ற அமைதியில் பின்சுவருக்கு அப்பால் தண்ணீர் பீய்ச்சும் சத்தமும் இப்போது கேட்டது.

அவள் உள்ளே திரும்பி ஒரே குரல் கொடுத்தாள். "ஷாநவாசு, நூலை உட்டுட்டு வா. எல்லாரும் வாங்க. ரோட்டுக்கு. செருப்பைத் தேடாதீங்க."

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். அவள் வாசலில் நின்று தோளைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். ஏழு, எட்டு, ஒன்பது. முஜீப் பின்பக்கம் நிறுத்திய ஸ்கூட்டரை எடுக்கத் திரும்பினான். சுப்பண்ணன் அவன் சட்டையைப் பிடித்தார். அது தோளோடு கிழிந்தது. விடவில்லை.

"உடுங்ண்ணா, புது வண்டி."

"கெடக்கட்டும்."

ரோட்டின் அக்கட்டால், எதிர் ஓரத்தில் போய் நின்றார்கள். ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. வானம் நீலமாக இருந்தது. பக்கத்துக் காட்டில் ஒரு மயில் அகவியது. தறி ஓட்டும் ஆள் ஒருவன் மெதுவாக, "பெரியவருக்கு வயசாயிருச்சு," என்றான். இன்னொருவன் பீடி பற்றவைத்தான். முஜீப் கிழிந்த சட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றான். சுப்பண்ணன் யாரையும் பார்க்கவில்லை. மடிப்பில் இருந்த ஃபியூஸ் கட்டைகளைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். விழாவிட்டால் இந்தப் பதினோரு பேரும் ஒரு வாரம் சிரிப்பார்கள், அவர் சொன்ன தப்பு ஊர் முழுக்கப் போகும். விழட்டும் என்று நினைக்க மனம் வரவில்லை. விழாமல் போகட்டும் என்று நினைக்கவும் பயமாக இருந்தது.

பதினொன்று ஐம்பதுக்கு ஒரு கல் தெறித்தது. துப்பாக்கி வெடித்த மாதிரி. பிறகு இன்னொன்று. அதற்குப் பிறகு பெரிய சத்தம் எதுவும் இல்லை. சுவரின் நடுப்பகுதி முப்பதடி, களைத்த மாடு படுப்பதுபோல முட்டி மடிந்து உட்கார்ந்தது. அதற்கு மேலே செம்மண் எழுந்து வந்தது. அவசரப்படவில்லை. குடோனின் பின்சுவரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிற்று. சிமெண்ட் ஷீட்டுகள் அப்பளமாக நொறுங்கின. முன்வாசல் வழியாகச் சிவந்த சேறு வெளியே வழிந்தபோது அதோடு ஒரு தறியின் நாடாக்கட்டையும், நூல் சிக்கிய ஒரு பெண்ணின் செருப்பும் வந்தன. பின்வரிசைத் தறிகள் நின்ற இடத்தில் இப்போது ஆளுயரத்துக்கு மண்.

பீடி பிடித்தவன் அதைக் கீழே போட்டான். சஃபியா மறுபடியும் எண்ணினாள். ஒவ்வொருவர் பெயரையும் வாய்விட்டுச் சொன்னாள். பதினொன்று. பிறகு ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். முஜீப் அவள் பக்கத்தில் நின்றான். அன்று அவனுக்கு ஜும்மா தவறியது.

இரண்டு மணிக்கு வி.ஏ.ஓ. வந்தார். கூட்டம் கூடியிருந்தது. மேலே லேஅவுட்டில் குடியிருப்பவர்கள் சிலர், மழை அதிகம், சுவர் என்ன செய்யும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். சுப்பண்ணனுக்குத் தெரிந்த ஒருவர் அவர் காதருகே வந்து, "நீங்க ஊட்டுக்குப் போங்க அண்ணா, நாங்க பேசிக்கறோம். இயற்கைதானுங்களே," என்றார்.

சுப்பண்ணன் அவரை விலக்கிவிட்டு முன்னால் வந்தார்.

"செவுறு கட்டுனது ஆருங்க?" என்று வி.ஏ.ஓ. நோட்டைத் திறந்தார்.

"நானுங்க. சுப்பண்ணன்."

"எழுபதடி, கருங்கல். மழையினால சரிஞ்சுது. அவ்வளவுதானுங்களே?"

"இல்லீங்க. மழை நின்னு மூணு நாளாச்சு. வடியறதுக்கு இருவத்திரண்டு ஓட்டை உட்டிருந்துச்சு. அதை அடைச்சதும் நாந்தானுங்க. அதையும் எழுதிக்கங்க."

வி.ஏ.ஓ. நிமிர்ந்து பார்த்தார். "வேண்டாமுங்க பெரியவரே. அப்பறம் கேஸாயிரும்."

"எழுதுங்க. நான் படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடறேன். மூணாங்கிளாஸ்தான், எழுத்துக் கூட்டிப் படிப்பேன்."

பேனா காகிதத்தில் நகர்ந்தது. சஃபியா ரோட்டோரத்தில் உட்கார்ந்தபடி இவர்கள் பக்கம் பார்த்தாள். என்ன நினைத்தாள் என்று முகத்தில் தெரியவில்லை.

கிழக்கே மறுபடி மேகம் திரண்டுகொண்டிருந்தது. நிற்கிற நாற்பதடிச் சுவரின் காலடியில், இரண்டு பக்கமும், தண்ணீர் இன்னும் சிவப்பாகத்தான் வந்துகொண்டிருந்தது.